உடலுக்கு ஒன்று ஆகிவிட்டால் வேலை போய்விடுமா?



நம் அறக்கட்டளைக்கு மாதாந்திர உதவி கேட்டு வரும் மனுக்களில் ஒரு வகை மனு எப்போதும் என்னை உறுத்தும். "கம்பெனியில் வேலை பார்த்தேன். பக்கவாதம் வந்து வலது கை விளங்கவில்லை. வேலையை விட்டுவிட்டேன்" என்று இருக்கும். சில மனுக்களில் சர்க்கரை நோயால் கால் எடுத்திருப்பார்கள். சிலவற்றில் கண் பார்வை மங்கியிருக்கும். எல்லாவற்றிலும் கடைசி வரி மட்டும் ஒன்றுதான்: வேலையை விட்டுவிட்டேன்.

உட்கார வைத்துக் கொஞ்சம் கேட்டால் கதை வேறாக இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரமே மேற்பார்வையாளர் பழத்தோடு நலம் விசாரிக்க வந்திருப்பார். போகும்போது ஒரு தாளை நீட்டியிருப்பார். "இனிமேல் எப்படி பாய் வேலை பார்ப்பீங்க? ராஜினாமா கொடுத்துட்டா பி.எஃப். பணம் சீக்கிரம் கைக்கு வரும்." வீட்டில் மருந்துச் செலவுக்குப் பணமில்லை. கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அந்தத் தாளில் "எனது சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்" என்று எழுதியிருந்ததைப் பலர் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

இவர் வேலையை விடவில்லை. வேலைதான் இவரை விட்டிருக்கிறது. சட்டத்தின் கண்ணில் இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உதவி கொடுப்பது நம் கடமை, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் நம்மால் கொடுக்க முடிவது ஒரு குடும்பத்தின் அரிசிக்கும் மருந்துக்கும் காணும். 15 வருடம் உழைத்து வாங்கிய சம்பளத்துக்கு அது ஈடாகாது. அதனால்தான் இந்த இதழில் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அரசு வேலை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 20-ஆம் பிரிவு சொல்வது இது: பணிக்காலத்தில் ஒருவருக்கு உடல் குறைபாடோ மனநலக் குறைபாடோ ஏற்பட்டால், அரசு நிறுவனம் அவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவியில் இறக்கவும் கூடாது. பார்த்துவந்த வேலையைச் செய்ய முடியாவிட்டால், அதே சம்பளம், அதே சலுகைகளோடு வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு வேலை உடனே இல்லையென்றால், அவருக்காகவே கூடுதலாக ஒரு பணியிடத்தை உருவாக்கி, வேறு இடம் கிடைக்கும் வரை அல்லது ஓய்வு பெறும் வயது வரை அதில் வைத்திருக்க வேண்டும். இந்தக் காரணத்தைக் காட்டிப் பதவி உயர்வை மறுக்கவும் கூடாது.

அரசு நிறுவனம் என்றால் தாலுகா ஆபீஸ் மட்டும் என்று எண்ண வேண்டாம். அரசு பஸ், மின்வாரியம், பொதுத்துறை வங்கி எல்லாம் இதில் அடங்கும். அரசு நிதியுதவி பெறும் அமைப்புகளும் அடங்கும் என்பதால், உதவிபெறும் பள்ளியில் வேலை பார்க்கும் நம் ஆசிரிய ஆசிரியைகளும் இதைக் கேட்கலாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பஞ்சாப் மின்வாரியத்தில் உதவி லைன்மேனாக இருந்த ஒருவருக்கு 1994-ல் இரண்டு கண்ணும் தெரியாமல் போனது. படிப்பு குறைவு. தன்னை ஓய்வில் அனுப்பிவிட்டு மனைவிக்கு வேலை கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். வாரியம் ஓய்வை மட்டும் ஏற்றுக்கொண்டது. மனைவிக்கு வேலை வரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அவருக்குத் தன் உரிமை தெரியாது. தெரிந்திருந்த அதிகாரிகள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே அனுப்பியது தவறு என்றது நீதிமன்றம். ஓய்வு வயது வரை அவர் பணியில் இருந்ததாகவே கணக்கிட்டுச் சேர வேண்டியதைக் கொடுக்கச் சொன்னது. அப்போது இருந்தது 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம், அதன் 47-ஆம் பிரிவு. இப்போதைய சட்டம் அதைவிட விரிவானது.

அறியாமல் போட்ட கையெழுத்தையும் நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியிருக்கிறது என்பதால் இந்த வழக்கை முதலில் சொன்னேன். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களும் மனம் தளர வேண்டாம். ஆனால் அந்த மனிதருக்குத் தீர்ப்பு வந்தபோது பார்வை போய் 14 வருடம் ஆகியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நம் மாநிலத்து வழக்கு ஒன்று. முகமது இப்ராஹிம் என்ற இளைஞர் தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தில் உதவிப் பொறியாளர் வேலைக்குத் தேர்வானார். மருத்துவப் பரிசோதனையில் நிறப்பார்வைக் குறைபாடு இருப்பதாக வந்தது. மின்சார வேலையில் வயரின் நிறம் தெரிய வேண்டுமே என்று கழகம் மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி இவர் பக்கம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கடைசியில் 2023 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் அவரை உதவிப் பொறியாளராகவே எடுக்க உத்தரவிட்டது. நிலுவைச் சம்பளத்தில் பாதியையும் கொடுக்கச் சொன்னது. இடையில் கழகம் இளநிலை உதவியாளர் வேலை தருவதாகச் சொல்லிப் பார்த்தது. பொறியியல் படித்துத் தேர்வானவருக்கு அது நியாயமில்லை என்பதை நீதிமன்றம் கண்டது.

இதில் கவனிக்க வேண்டியது: நிறப்பார்வைக் குறைபாடு சட்டத்தின் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் 21 வகைகள் உண்டு. பார்வையின்மை, காது கேளாமை, கை கால் இயக்கக் குறைபாடு, மனநோய், ஹீமோபிலியா, பார்க்கின்சன் நோய் என்று போகும். பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்தால் கதவைச் சாத்திவிட முடியாது, அந்த மனிதருக்கு ஏற்றபடி வேலையைக் கொஞ்சம் மாற்றிக் கொடுக்க முடியுமா என்று நிறுவனம் பார்த்தாக வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். சட்டத்தில் இதை "நியாயமான வசதி ஏற்பாடு" என்கிறார்கள். சாய்வுப் பாதை, உட்கார்ந்து பார்க்கும் வேலை, கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிதாக்கும் ஏற்பாடு, டயாலிசிஸ் நாளில் ஷிப்ட் மாற்றம் ஆகியவை இதில் வரும். சிறுநீரக நோயும் அந்த 21-ல் இல்லை என்பதால் கடைசி உதாரணத்தை வேண்டுமென்றே சேர்த்தேன்.

பஸ் டிரைவர்களுக்கும் இதே கதைதான். 2006-லேயே மதுரைக் கோட்டப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவரின் வழக்கில், நிறப்பார்வைக் குறைபாட்டுக்காக அனுப்பியவருக்கு மாற்று வேலை கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தெலங்கானாவில் இதேபோல் அனுப்பப்பட்ட ஓர் ஓட்டுநருக்கு 2025 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றம் 8 வாரத்துக்குள் மாற்று வேலையும் நிலுவையில் 25 சதவீதமும் கொடுக்க உத்தரவிட்டது. அந்த வழக்கில் டிரைவருக்குக் கைகொடுத்தது எது தெரியுமா? நிர்வாகமும் தொழிற்சங்கமும் 1979-ல் போட்டுக்கொண்ட பழைய ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து. மாற்று வேலை கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. ஆகவே உங்கள் கம்பெனியில் சங்கம் இருந்தால், ஒப்பந்தத்தின் நகலை முதலில் வாங்கிப் படியுங்கள்.

இனி தனியார் வேலை. நம் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இருப்பது இங்கேதான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல், ஷூ கம்பெனிகள், வேலூர், ஆரணி, போளூர்க் கடைகள், பேக்கரிகள். உள்ளதைச் சொல்கிறேன். நான் மேலே சொன்ன 20-ஆம் பிரிவின் பாதுகாப்பு தனியாருக்கு அதே வலுவோடு இல்லை. யாரையும் குறைபாட்டைக் காட்டிப் பாரபட்சமாக நடத்தக் கூடாது என்ற பொது விதி உண்டு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் உண்டு. ஆனால் "கூடுதல் பணியிடம் உருவாக்கு" என்று ஒரு ஷூ கம்பெனியிடம் நேரடியாகக் கேட்க முடியாது.

அங்கே நமக்குத் துணை தொழிலாளர் சட்டங்கள்தான். தொழிற்சாலையில் ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்ய ஒரு மாத முன்னறிவிப்பும், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும். இதிலிருந்து தப்பிக்க நிர்வாகம் "நீடித்த உடல்நலக் குறைவு" என்று காரணம் எழுதும். அந்தக் காரணத்தால் நீக்குவது ஆட்குறைப்புக் கணக்கில் வராது என்று சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஆனாலும், மாற்றுத்திறனாளிகளுக்கென்று சட்டம் வருவதற்கு முன்பே, ராஜஸ்தான் அரசு பஸ் டிரைவர்களின் பார்வை மங்கிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கேள்வி கேட்டது. அந்த வேலையால் கண் போனவரை வெறுங்கையோடு அனுப்புவது நியாயமா என்று. அங்கேயும் மாற்று வேலை, அது இல்லையென்றால் கூடுதல் இழப்பீடு என்று தீர்த்தது. தகராறு வந்தால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுக் கொடுக்க வேண்டும். சமரசம் ஆகாவிட்டால் அடுத்தது தீர்ப்பாயம். பழைய 1947 சட்டத்தில் 3 ஆண்டு வரை அவகாசம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பில் அது 2 ஆண்டு. பெருநாள் போகட்டும், பிள்ளை கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட இனி இடமில்லை.

கடை ஊழியர்களுக்குத் தனிச் சட்டம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமில்லாமல், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது. நிறுத்தினால் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போக வேண்டும். முப்பதே நாள்! ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ராஜினாமாவில் "சொந்தக் காரணம்" என்று எழுதுவதால் வேறு இரண்டு நஷ்டமும் உண்டு. பணிக்கொடைக்கு 5 ஆண்டுப் பணி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இயலாமை ஏற்பட்டு வேலை முடிந்தால் அந்த 5 ஆண்டு நிபந்தனை கிடையாது. மூன்று வருடமே வேலை பார்த்தவருக்கும் அதற்குரிய தொகை வரும். சொந்தக் காரணம் என்று எழுதிக் கொடுத்தால் அதை எப்படிக் கேட்பது? அடுத்தது பி.எஃப். ஓய்வூதியம். முழுமையாகவும் நிரந்தரமாகவும் வேலை செய்ய முடியாமல் போனவருக்கு, 10 ஆண்டுப் பணி இல்லாவிட்டாலும், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தால் போதும், இயலாமை ஓய்வூதியம் கேட்க 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் இடம் உண்டு. மருத்துவக் குழு பார்த்துச் சொல்ல வேண்டும். "சீக்கிரம் வரும்" என்று ஆசைகாட்டி ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுக்க வைக்கும் முன், பி.எஃப். அலுவலகத்தில் இதை ஒரு வார்த்தை கேளுங்கள்.

வேலை செய்யும்போது அடிபட்டவர்களுக்கு: நஷ்டஈடு வேறு, வேலை வேறு. நஷ்டஈட்டுப் பணம் வாங்கியதால் வேலையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. ஆனால் பணம் தரும்போது "எனக்கு இனி எந்தப் பாக்கியும் இல்லை, வேலையும் கோரமாட்டேன்" என்று ஒரு வரியை நுழைப்பார்கள். அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மறுத்தால் "மறுப்புடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதல் வேலை, விடுப்புக் கடிதத்தை மருத்துவச் சான்றோடு அனுப்புவது. போனில் சொன்னது போதாது. பிறகு "தகவலின்றி வரவில்லை" என்று நோட்டீஸ் வரும். இரண்டாவது, அரைப் பக்கத்தில் ஒரு கடிதம்: எனக்கு இன்ன குறைபாடு ஏற்பட்டுள்ளது, நான் பார்த்துவந்த வேலையில் இன்ன பகுதியைச் செய்ய முடியும், இன்ன பகுதி சிரமம், எனக்கு ஏற்ற வேலையில் தொடர விரும்புகிறேன். "தொடர விரும்புகிறேன்" என்ற சொல்தான் முக்கியம். ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, நகலும் ரசீதும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். யார் தாள் நீட்டினாலும் "வீட்டில் படித்துப் பார்த்துத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவு இல்லை.

மூன்றாவது, அடையாள அட்டை. யு.டி.ஐ.டி. அட்டைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அரசு மருத்துவர்கள் பார்த்துச் சதவீதம் போடுவார்கள். 40 சதவீதம் இருந்தால்தான் இட ஒதுக்கீடு போன்றவை கிடைக்கும். ஆனால் அரசு வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்ற 20-ஆம் பிரிவின் பாதுகாப்பில் அந்த 40 என்ற எண்ணே இல்லை. "உங்களுக்கு 30 சதவீதம்தானே" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

பிறகு எங்கே போவது? அரசு நிறுவனம் என்றால் அங்கேயே குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். முதலில் அவரிடம் எழுத்தில் கொடுங்கள். அடுத்து சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். உயர் நீதிமன்றமும் இருக்கிறது. திருவண்ணாமலை கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் இருக்கிறார். திங்கட்கிழமை குறைதீர் நாளிலும் மனுக் கொடுக்கலாம். வக்கீல் பீஸுக்குப் பயந்து பலர் ஒதுங்குகிறார்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும். பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் அப்படியே. 15100 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள்.

வீட்டு வேலை பார்க்கும் நம் சகோதரிகளுக்கும், தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கும் இந்தச் சட்டங்களால் பெரிய பலன் இல்லை. அது வருத்தத்துக்குரிய உண்மை. அவர்களுக்கு நலவாரியப் பதிவும் அரசு உதவித்தொகையும்தான் வழி. அதைப் பற்றி இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் எழுதுகிறேன்.

கடை, கம்பெனி நடத்தும் நம் ஜமாஅத்தாரிடமும் இதே இடத்தில் ஒன்று பேச வேண்டும். நான் மேலே எழுதிய ராஜினாமாத் தாளை நீட்டுகிறவர்கள் எல்லோரும் வெளியாட்கள் இல்லை. "ரம்ஜானுக்கு அவர் வீட்டுக்கு ஜகாத் அனுப்பிவிடுகிறேன்" என்று சொல்லும் முதலாளியிடம், அவர் கேட்பது ஜகாத் இல்லை, கல்லாவில் உட்கார ஒரு நாற்காலி என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்திருத்தமே வந்துவிட்டது. கால் போனவருக்குக் கணக்கு எழுதத் தெரியும். கண் மங்கியவருக்கு வாடிக்கையாளரின் குரல் தெரியும், 20 வருடமாக யாருக்கு என்ன சரக்கு என்று தெரியும். பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் பாங்கு சொல்ல வைத்தார்கள். தாம் வெளியூர் சென்ற நாட்களில் ஊரின் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்தார்கள். ஜும்ஆ பயானில் இதைக் கேட்டுத் தலையசைத்தவர்கள்தான் நாமெல்லாம்.

யாருக்காவது இப்படி ஒரு நிலை வந்திருந்தால், அல்லது வரும்போல் இருந்தால், வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். நடக்க முடியாதவர்கள் வீட்டிலிருந்து ஒருவரை அனுப்பினாலும் போதும். வரும்போது வேலை உத்தரவு அல்லது அடையாள அட்டை, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்கள், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, கம்பெனியிலிருந்து வந்த எல்லாத் தாள்களும் கொண்டு வாருங்கள். கையெழுத்துப் போட்ட தாளின் நகல் கொடுக்கவில்லையென்றால், போட்ட தேதியையும் அப்போது கூட இருந்தவர் பெயரையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். 30 நாள் கணக்கு அன்றிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கலாம்.